ஆளைப் பார்த்து ஆடியது

போக்கரில் கையிலிருக்கும் சீட்டைவிட எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து ஆட வேண்டும். எவ்வளவு கட்டினாலும் விடாமல் கூடவே கட்டுகிறவனிடம் பொய்யாகப் பந்தயத்தை உயர்த்தக் கூடாது. நல்ல சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பயந்தவனிடம் ஒன்றுமே இல்லாமலும் உயர்த்தலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிடுவான். இதையெல்லாம் நானும் என் நண்பனும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம்.

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு லாரிகளை எடை போடும் வேலை. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். சாப்பாட்டு நேரத்தில் ஒரே போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்ப்போம். அவனுக்குப் பொறுமை அதிகம். பத்து முறை சீட்டு வந்தால் ஒன்பது முறை கவிழ்த்துவிடுவான். அவனை அசைக்கவே முடியாது. மனம் கலங்கினால் மட்டும் இருப்பது எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் கட்டிவிடுவான். அது எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் மறுகோடியில் ஒரு கிளப்பில் போட்டி. மத்தியான இடைவேளையில், "அப்பா எப்டி கீறாரு?" என்று அவனிடம் கேட்டேன். அவர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"மாஸ்க் போட்டுகினு கீறாரு. தங்கச்சி கூட கீது. போய் ஆடிட்டு வாடான்னு அவரே தொரத்திட்டாரு மாமு."

சாயங்காலம் ஆறு பேர் மிஞ்சினோம். ஒரே மேசை. அவன் எனக்கு நேர் எதிரே இருந்தான். அவனிடம் சிப்ஸ், அதாவது பந்தயம் கட்டும் வில்லைகள், அதிகம், என்னிடம் கொஞ்சம். ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன், அவன் சிக்கவில்லை. அப்போதுதான், சீட்டு கலைக்கும் இடைவெளியில், மெதுவாகக் கேட்டேன்.

"தங்கச்சி போன் எதனா பண்ணுச்சா?"

என் குரலில் அக்கறை இருந்தது. அது நிஜமான அக்கறைதான் என்று இன்று சொல்லிக்கொள்ள ஆசை. இல்லை.

அவன் போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு எதுவும் இல்லை. என்னை ஒருமுறை பார்த்தான். அடுத்த சீட்டு வந்ததும் எல்லா சிப்ஸையும் நடுவே தள்ளினான். என்னிடம் இரண்டு ராணிகள். என்னிடம் இருந்ததையும் தள்ளினேன். அவன் திருப்பிக் காட்டியது ஒன்றுக்கும் உதவாத எட்டும் மூன்றும். அந்த ஆட்டம் எனக்கு வந்தது. மிச்சமிருந்த சிப்ஸையும் அடுத்த ஆட்டத்திலேயே, சீட்டைப் பார்க்காமல், இன்னொருவனிடம் விட்டுவிட்டு எழுந்து போனான். நான் மூன்றாவதாக வந்தேன். கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

புதன்கிழமை அவன் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்த பிறகு, டோல்கேட் அருகே டீக்கடையில் அவனைப் பார்த்தேன்.

"நீ கேட்டப்பவே தெரியும் மாமு, இன்னாத்துக்குக் கேக்கறன்னு."

"தெரிஞ்சுமாடா எல்லாத்தையும் வெச்ச?"

"உன் மூஞ்சிய பாத்துகினு அங்க குந்த முடியல. அப்பாகிட்ட போயிடணும் போல இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். டீயைக் குடித்துவிட்டுத் தலையசைத்துப் போய்விட்டான். அடுத்த மாதம் வேறு யார்டுக்கு மாறிக்கொண்டான். பேச்சு நின்றது.

நான் சீட்டைத் தொடுவதில்லை. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை. போன வாரம் ஒரு டிரைவர் ரசீதை வாங்கும்போது, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அன்று மேசையில் கேட்ட அதே குரலில்தான் கேட்பேன் என்று பட்டது, ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.