புதைத்த பற்றறி

வயலுக்கு மருந்தடிக்க முதுகில் சுமக்கும் தெளிகருவி ஒன்றைக் கனடாவில் இருக்கும் என் தம்பி இணையச் சந்தையில் வாங்கி, கண்டாவளையில் உள்ள எங்கள் வீட்டுக்கே நேராக அனுப்பியிருந்தான். உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கும் பெரிய சந்தை அது. வந்த மூன்றாம் நாள், குசினியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அதன் பற்றறி வெடித்தது. பக்கத்தில் அரிசி கழுவிக்கொண்டிருந்த என் மனைவியின் வலது கண் போய்விட்டது.

அன்று நான் பார்த்த வேலையை நினைத்தால் இன்றும் என்னையே அறையலாம் போலிருக்கிறது. வவுனியா ஆஸ்பத்திரியில் அவளை வாட்டில் சேர்த்துவிட்டு வீடு வந்ததும், வெடித்த துண்டுகளை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டுபோய் வயலுக்கு அப்பால் ஆழமாகப் புதைத்தேன். போர் முடிந்து ஊர் திரும்பி வந்த எங்களுக்கு அது கையோடு வந்த பழக்கம். வெடித்தது எதுவானாலும் வீட்டு வளவுக்குள் கிடக்கக் கூடாது. நான் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை.

தம்பி அந்தச் சந்தைக்கு முறைப்பாடு எழுதினான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: யாராவது ஒருவர் ‘எங்கள் பிழை’ என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். பதில் வந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பற்றறியின் அடியில் உள்ள இலக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். ஓடிப்போய்த் தோண்டினேன். இரண்டு வார மழையில் ஊறிய கரியும் சேறும்தான் கையில் வந்தன.

அதையே படம் பிடித்து அனுப்பினோம். தாங்கள் சந்தையை நடத்துபவர்கள் மட்டும்தானாம், பொருளுக்கு விற்றவரே பொறுப்பாம். விற்றவரின் கடை அதற்குள் மாயமாகிவிட்டது. அதே தெளிகருவி, அதே படத்தோடு, வேறொரு கடைப் பெயரில் விலைக்குக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளம்பரம் போட்டது அவர்கள், காசு வாங்கியது அவர்கள், பெட்டியில் இருந்த முத்திரையும் அவர்களுடையது. வெடித்த பிறகு மட்டும் அவர்கள் யாரோ வழிப்போக்கர்கள்.

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

“வாங்கினவர் கனடாவில. வித்தவன் எங்கயெண்டே தெரியாது. கொம்பனி வேறொரு நாட்டில. காயப்பட்டவா வாங்கினவாவும் இல்லை. எந்தக் கோட்டில வழக்குப் போடுறது, நீங்களே சொல்லுங்கோ?”

எழும்பி வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் தம்பி போன் எடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவன் அழத் தொடங்கிவிட்டான்.

“அண்ணை, நான்தான் கண்டறியாத சாமானை அனுப்பி அண்ணியின்ர கண்ணைக் கெடுத்தனான்.”

“விசர்க் கதை கதையாதை. அதைக் கொண்டுபோய்ப் புதைச்சது நான்தானே” என்றேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி, போனைத் தரும்படி கையை நீட்டினாள்.

“தம்பி, அழாதையுங்கோ. பிளக்கைக் குத்தினது நான்தான். பிழை என்னிலதான்.”