கரியக்காவின் ஆறேகால் மணி நேரம்

கரியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆய்வுக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருஷமாக அவள் வேலை, கொடுத்ததையெல்லாம் கரியாக்குவது. மரத்தூள், பழைய துணி, சர்க்கரை, ஒருமுறை இயக்குநரின் கம்பளிச் சட்டை. அது தவறுதலாக நடந்தது என்றாள். அவர் இன்றுவரை நம்பவில்லை. எல்லாம் நீளக் குழாய் உலைக்குள் போய், காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு ஓட, ஆயிரத்து முந்நூறு டிகிரியில் வெந்து கறுப்பாக வெளியே வரும்.

அந்தக் கரிப்பொடிதான் சோடியம் பேட்டரியின் ஆனோடு, அதாவது எதிர்முனை. சார்ஜ் ஏறும்போது சோடியம் அதற்குள் போய்க் குடியேற வேண்டும். கரண்ட் எடுக்கும்போது மரியாதையாக வெளியே வர வேண்டும். இந்தக் கூடத்தின் கரியோ முதல் தடவையே மூன்றில் ஒரு பங்கு சோடியத்தை விழுங்கிவிட்டுக் கமுக்கமாக இருந்தது. அப்போது கரியாக்கிக்கொண்டிருந்த மாவு வேகும்போது நுரைத்து, கரியெங்கும் ஓட்டை. பேட்டரித் திரவம் அந்த ஓட்டைகளில் புகுந்து சோடியத்தைத் தின்று தீர்த்தது. இதைச் சரிசெய்யத்தான் ஒரு முனைவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் நான்கு வருஷமாகச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலை கரியக்கா துணிக்குப் போடும் கஞ்சிமாவை உலையில் வைத்து, ஈரம் போகக் காற்றிலேயே இருநூற்று இருபது டிகிரிக்கு ஏற்றினாள். அரை மணியில் குழாயை மூடி வாயுவைத் திறக்க வேண்டும். அதற்குள் பஸ் ஓட்டுநரான கணவன் போனில் வந்தான்.

"அம்மா பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க. தாழ்ப்பாள் திறக்க மாட்டேங்குதாம். பஸ்ஸ நடுவழியில விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

அவள் உலையை அப்படியே விட்டு வீட்டுக்கு ஓடினாள். மாமியார் உள்ளே இருந்தபடி தாழ்ப்பாளை, அதைச் செய்தவனை, வாங்கிய மகனை, கடைசியில் மருமகளின் வம்சத்தை வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, குடிக்கத் தண்ணி வேணுமா?"

"குழாய்க்குக் கீழ உக்காந்திருக்கேன்டி. பசிக்குது."

கரியக்கா ரொட்டித் துண்டுகளைத் தட்டையாக அமுக்கி, கதவின் அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். பூட்டுக்காரர் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தபோது சாயங்காலமாகிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால், உலையில் மாவு காபித்தூள் நிறத்தில் பல்லிளித்தது. விதிப்படி குப்பையில் கொட்டி, ஏன் கொட்டினேன் என்று படிவம் நிரப்ப வேண்டும். படிவம் நான்கு பக்கம். அவள் வாயுவைத் திறந்தாள், வழக்கம்போல் மேலே ஏற்றினாள், உலைப் பதிவேட்டில் 'விதிப்படி' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கரியில் செய்த பேட்டரி செல்லைச் சோதித்தவன், எல்லோரும் ஒடிசல் என்று கூப்பிடும் ஆள். உள்ளே போன சோடியத்தில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் திரும்பி வந்தது. முனைவர் எண்ணைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார், அன்றைக்கே இயக்குநரிடம் ஓடினார்.

அடுத்த ஐந்து முறையும் பழைய நுரைக்கரிதான் வந்தது. முனைவர் மாவுக் கடைக்காரரைச் சந்தேகித்தார், வாயு சிலிண்டரைச் சந்தேகித்தார், தராசைச் சந்தேகித்தார். கடைசியில் எல்லோர் முன்னாலும் ஒடிசலைப் பார்த்து, "நம்பர நீங்களே போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஒடிசல் கையிலிருந்த பேனாவின் மூடியைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். இதுவரை கெட்டுப்போன ஒரு தட்டு மாவைத்தான் மறைத்ததாகக் கரியக்கா நினைத்திருந்தாள். இப்போது அந்தப் பொய்க்குள் ஒரு மனுஷன் மாட்டியிருந்தான்.

"சார், அவர விடுங்க. நான்தான் பொய் எழுதினேன்."

குளியலறைக் கதை முழுவதையும் சொன்னாள். முனைவர் பேனாவை எடுத்தார்.

"காத்துல, இருநூத்தி இருபதுல, எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஆறேகால் மணி நேரம்."

"வேற ஏதாவது மாறிச்சா?"

"என் ரத்த அழுத்தம்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, மெதுவாகப் பேசினார். "காத்துல மெதுவா வெந்ததுல மாவு இறுகிடுச்சு. அதான் அப்புறம் நுரைக்கல. உள்ள ஓட்டை விழாம நெருக்கமா நின்னுடுச்சு." பிறகு ஒடிசல் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க," என்றார். அந்த வார்த்தைக்கு அவர் பழக்கப்படாதவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

மறுபடி செய்தார்கள், வந்தது. இரண்டு, நான்கு, எட்டு மணி நேரம் என்று மாற்றிப் பார்த்ததில் எட்டு மணி நேரம் இன்னும் நன்றாக வந்தது. முனைவரின் கட்டுரையில் இதற்குக் 'கட்டுப்படுத்திய முன்பதப்படுத்தல்' என்று பெயர். கட்டுப்படுத்தியது யார் என்று கட்டுரை சொல்லவில்லை. ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாகக் கரியக்காவின் சொந்தப் பெயர் வந்தபோது, கூடத்தில் பாதிப் பேர் அது யார் என்று விசாரித்தார்கள்.

இயக்குநர் ஒரே உறையில் இரண்டு கடிதம் அனுப்பினார். ஒன்று பாராட்டு, இன்னொன்று பொய்ப் பதிவுக்கான மெமோ. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. அவள் மெமோவுக்கு முதலில் பதில் எழுதினாள். அதற்குத்தான் கெடு இருந்தது.

செல் ஆயிரம் சார்ஜ் சுற்று தாண்டிய அன்று ஒடிசல் உலை அறைக்கு வந்தான். கொள்ளளவில் ஆறு சதவீதம்தான் குறைந்திருந்தது.

"அக்கா, இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"ஓடட்டும். அந்தக் கையுறைய எடு, தட்டு சூடா இருக்கு."