கஞ்சாச் செடிக்கு மருந்தடித்த ஜசுலி

ஜசுலியின் இரண்டு கைகளும் கஞ்சாக் கதிருக்குள் இருந்தன. இடது கை கதிரைப் பிரித்துப் பிடித்திருக்க, வலது கை புழுவைக் கிள்ளி எடுத்து இடுப்பில் கட்டியிருந்த டின்னுக்குள் போட்டது. டின்னில் சாம்பல் கரைத்த தண்ணீர்.

"வா மாப்பிள்ளை, வா. தின்னது போதும், குளிச்சுட்டுப் போ" என்று ஒவ்வொன்றையும் உபசரித்தாள்.

நான் வரப்பில் நின்று பார்த்தேன். பச்சைப் புழு, தக்காளியில் ஓட்டை போடுமே, அதேதான். கதிருக்குள் புகுந்து விதையின் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு ஓட்டை மட்டும் விட்டு வைத்திருந்தது. புழு இருந்த இடமெல்லாம் கதிர் பழுத்து அழுகத் தொடங்கியிருந்தது.

"தேறுமா?" என்று கேட்டேன்.

"தேறணும் நர்ஸக்கா. அக்காவுக்கு விதை தரேன்னு வாயை விட்டுட்டேனே."

அவள் அக்கா என்றது மதுலியை. கணவனின் அண்ணன் மனைவி. இருவரும் ஒரே முற்றத்தில் முப்பது வருடமாக வாழ்கிறார்கள். அதில் பாதிக் காலம் சண்டை. வால்நட் மரத்துக்குச் சண்டை, மாட்டுச் சாணத்துக்குச் சண்டை. ஜசுலியின் கணவன் கீழே ஹல்த்வானி நகரத்தில் ஜீப் ஓட்டுகிறான். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. சண்டை போட மதுலியை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

மழைக்கு முன்பு மதுலிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பாதி வாய் போயிற்று. தண்ணீர் கொடுத்தால் புரை ஏறும். பருப்பை மசித்துக் கொடுத்தால் துப்பிவிடுவாள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள நான் பயிற்சி எடுத்தவள் என்பதால், சுகாதார மையத்தில் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பல உணவுகளைக் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்று அவள் தொண்டையில் இறங்கியது. வறுத்த கஞ்சா விதையை அரைத்துப் பிழிந்த பாலில் வேகவைத்து மசித்த சேப்பங்கிழங்கு. எங்கள் குமாவோன் மலையில் குளிர்காலம் முழுக்க எல்லா வீட்டிலும் இதுதான். விதையில் போதை கிடையாது. கொழுப்பு இருக்கிறது, உடம்புக்குச் சூடு. குழம்பு கெட்டியாக இருப்பதால் புரையும் ஏறாது. மதுலி மெலிவது அதற்குப் பிறகுதான் நின்றது.

பழைய விதை தீர்ந்துவிட்டது. மதுலியின் கஞ்சாக் கொல்லையை அவள் மகன் குந்தன் கொத்தித் தக்காளி போட்டிருந்தான். அதனால் ஜசுலியின் கொல்லைதான் கதி.

இந்தக் குந்தனை ஜசுலி ஆவணி மாதம் சுனையடியில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அவன் முதுகில் மருந்து டேங்க்கோடு வந்தான். குடம் நிரப்ப ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கே நின்றிருந்தார்கள்.

"டேய் குந்தா, தக்காளிக்கு அடி, உருளைக்கு அடி, உன் மீசைக்கு வேணும்னாலும் அடிச்சுக்கோ. எங்க கஞ்சாக் கொல்லைப் பக்கம் அந்தக் குழாய் திரும்புச்சுன்னா கையை ஒடிச்சுடுவேன். கஞ்சாவுக்கு எவளாவது மருந்து அடிச்சு நீ பார்த்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அதனால்தான் அந்த விதையை எங்கள் ஊரில் கழுவும் வழக்கம் இல்லை. வழியில் போகிறவர்கள் ஒரு கதிரைக் கசக்கி ஊதி வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். நோயாளி இருக்கிற வீட்டார் யார் கொல்லையிலும் கேட்காமல் விதை எடுக்கலாம்.

மற்றதெல்லாம் பிறகு ஜசுலியே சொன்னது. நான் பார்த்துவிட்டுப் போன மறுநாளும் அவள் புழு பொறுக்கினாள். ஒரு செடியை முடித்துவிட்டுத் திரும்பினால் முன்பு முடித்த செடியில் மறுபடி புழு. குந்தன் வீட்டு ஏணிக்கு அடியில் டேங்க் இருந்தது. தக்காளிக்கு அடித்தது போக மருந்து மிச்சம் இருந்தது. அவன் சந்தைக்குப் போன சமயம் அதைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு எல்லாச் செடிக்கும் அடித்துவிட்டாள். டேங்கைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

புழுக்கள் நூல் அறுந்தாற்போல் விழுந்தன. ஒரு நாழிகை சந்தோஷமாக இருந்ததாம். பிறகு கேழ்வரகு ரொட்டியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனபோது கையில் அந்த வாடை. சாம்பலால் தேய்த்தாள், எலுமிச்சை இலையால் தேய்த்தாள். போகவில்லை. இந்த வருடம் விதை எடுக்காமல் விட்டுவிடலாம், புழு தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் தீர்ந்துபோகும் வழி அது.

அடுத்த நாள் மாலை நான் மதுலியைத் தலையணை வைத்து உட்காரவைத்து, ஊட்டுவதற்குக் கிண்ணத்தை எடுத்திருந்தேன். மருமகள் பசந்தி, குந்தன் மனைவி, அடுப்படியில் இருந்தாள். ஜசுலி புல்லுக்கட்டை முற்றத்தில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கிண்ணத்தில் கஞ்சா விதைக் குழம்பைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றாள்.

"விதை ஏது?"

"உங்க கொல்லைதான் சித்தி. நேத்து சாயந்தரம் எடுத்தேன். நீங்க மாடு கட்டப் போயிருந்தீங்க. ஒரு புழுகூட இல்ல. உங்க கைராசிதான்" என்றாள் பசந்தி.

ஜசுலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரொம்பச் சூடா இருக்கே, நான் ஆத்தித் தரேன்" என்று கையை நீட்டினாள். கிண்ணம் கவிழ்ந்தது. முதல் கரண்டி இன்னும் மதுலியின் வாய்க்குப் போகவில்லை.

மதுலி நல்ல கையால் போர்வையைத் தட்டினாள். பாதி வாயால், "பொறாமை... உனக்கு" என்றாள். பசந்தி சிரித்தாள்.

"இருக்கட்டும் அத்தை. விதை இன்னும் இருக்கு, திரும்ப அரைக்கிறேன். காலையில ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டாங்க நர்ஸக்கா, மிச்சமே வைக்கல."

ஜசுலி தரையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பசந்தி அம்மியைக் கழுவும் சத்தம் கேட்டது. ஜசுலி துணியைக் கீழே வைத்தாள்.

"அரைக்காதே" என்றாள். "அதுல மருந்து அடிச்சிருக்கேன்."

"என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"குந்தனோடது. தக்காளி மருந்து."

ஜசுலி அழத் தொடங்கினாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மதுலியின் நாடியைப் பிடித்தேன். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தேன். எச்சில் அதிகம் ஒழுகுகிறதா, வியர்க்கிறதா, மூச்சில் இரைச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. பசந்தியை அனுப்பி மருந்துப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருந்த பெயரைப் போனில் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். காலையில் சாப்பிட்டு இதுவரை ஒன்றும் இல்லை என்றால் பெரிதாக வராது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருங்கள், வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் வண்டியில் ஏற்றுங்கள் என்றார்.

அதற்குள் குந்தன் வந்துவிட்டான். பசந்தி அவனிடம் சொன்னாள். அவன் கதவில் சாய்ந்துகொண்டு ஜசுலியைப் பார்த்தான்.

"யார் கையை ஒடிக்கிறது சித்தி இப்போ?"

"என் கையைத்தான். ஒடி."

"அடிச்சா அடிச்சேன்னு சொல்றதுதானே" என்று முணுமுணுத்துவிட்டு, ஜீப்புக்குச் சொல்லி வைக்கப் போனான்.

ஜசுலி மதுலியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "திட்டு அக்கா. ரெண்டு வார்த்தை திட்டிடு" என்றாள்.

மதுலி அவள் பக்கம் திரும்பி வாயை அசைத்தாள். வார்த்தையைக் கூட்டிச் சேர்க்க அவளுக்கு நேரமாகும்.

"காலையில... உப்பு கம்மி" என்றாள்.

பசந்தி மறுபடி சிரித்தாள். ஜசுலிக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னித்துவிட்டாளா, கிண்டலா, நிஜமாகவே உப்புக் குறைதானா என்று கேட்கவும் முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு பேசிவிட்டு எழுந்து போயிருப்பாள். அன்று வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடி மதுலியின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் படுக்கச் சொன்னபோதும் எண்ணுவதை விடவில்லை. மதுலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்சம் வந்ததும் ஜசுலி எழுந்து போனாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தன் கொல்லையில் ஒரு செடி மிச்சமில்லாமல் அரிவாளால் சாய்த்தாள். மாட்டுக் கயிறு திரிக்க நாராகும் தண்டையும் விட்டு வைக்கவில்லை. எரித்தால் புகை வீடுகளுக்கு வரும், ஓடைப் பக்கம் போட்டால் தண்ணீரில் கலக்கும் என்று, குந்தனைக் கூப்பிட்டுக் கொல்லையின் கீழ்க்கோடியில் குழி வெட்டச் சொல்லிப் புதைத்தாள். சுனைக்குப் போகிற பெண்கள் குடத்தோடு நின்று என்ன என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருத்திக்கும் தலையை நிமிர்த்தாமல் ஒரே பதிலைச் சொன்னாள்.

"மருந்தடிச்சேன். நான்தான். ஒருத்தரும் கை வைக்காதீங்க."

பிறகு ஓடையைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கத்துச் சரிவில், ஆள் இல்லாமல் விழுந்துபோன வீடுகளைச் சுற்றி, கஞ்சா தானாக முளைத்துக் கிடக்கும். அங்கே உழுகிறவனும் இல்லை, மருந்தடிக்கிறவனும் இல்லை. வெயில் முற்றத்துக்கு வரும் நேரத்தில் முதுகில் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தாள்.

பசந்தி மூட்டையைப் பிரித்து ஒரு கதிரை உதறினாள். முறத்தில் பச்சைப் புழு ஒன்று விழுந்து, வளைந்து நகர்ந்தது.

"சித்தி, இதுலயும் புழு."

"உயிரோட இருக்கா?"

"ஓடுது."

"இருக்கட்டும்" என்றாள் ஜசுலி. அதைக் கிள்ளவில்லை. விரலில் ஏற்றிக்கொண்டுபோய் முற்றத்துக்கு வெளியே புல்லில் விட்டுவிட்டு வந்தாள். பாதிக் கதிர் சொத்தை. கசக்கிப் புடைத்து நல்லதைப் பொறுக்கியதில் ஒரு சொம்பு விதை தேறியது.

அதை அவள் கழுவினாள். கஞ்சா விதையைக் கழுவி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தண்ணீரை ஊற்றினாள், பிசைந்தாள், வடித்தாள், மறுபடி ஊற்றினாள்.

"தண்ணி தெளிஞ்சுடுச்சு சித்தி" என்றாள் பசந்தி.

ஜசுலி மறுபடி ஊற்றினாள்.

நான் பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தண்ணீரை வடித்து, வறுக்கும் சட்டியில் கவிழ்த்தேன். மதுலிக்குப் பசிக்கிற நேரம்.