கண்ணைக் கட்டிச் செய்த முகம்

கண்ணை மூடிக்கொண்டு சொந்த மூக்கைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் தெரியும். கண்ணாடியில் தினமும் காண்கிற அதே சாமான், விரலுக்கு வேறாக இருக்கும். எலும்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் பிடிபடாது. எனக்கு இது ஆறாம் வகுப்பிலேயே தெரியும். தெரிந்து ஒரு நன்மையும் விளையவில்லை.

சாய்ந்தமருதில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருடம் காரைதீவிலிருந்து புதிதாக ஒரு சித்திர டீச்சர் வந்தார். அதுவரை சித்திரப் பாடம் என்றால் சந்தைக் காட்சிதான். போன வருடத்து அக்காமார் வரைந்த சந்தையைப் பார்த்து நாங்கள் வரைவோம். அதே வாழைக்குலை, அதே தராசு. புது டீச்சர் சந்தையை இழுத்து மூடிவிட்டார். இடது கையால் வரையச் சொன்னார். தாளைப் பார்க்காமல், பக்கத்துப் பிள்ளையை மட்டும் பார்த்து வரையச் சொன்னார். ஒருநாள் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, கடல் இரைகிற சத்தத்தைக் கரியால் வரையச் சொன்னார். கடல் சத்தத்துக்குப் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் சிரித்தாரே தவிர எத்தனை என்று சொல்லவில்லை.

எனக்கு அந்தக் கூத்தெல்லாம் பிடித்திருந்தது. ஐந்தாம் வகுப்புவரை வேறு பள்ளியில் படித்துவிட்டு வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் பாலர் வகுப்பிலிருந்தே சோடி சோடியாக இருந்தார்கள். இடைவேளையில் ஒருவரும் என்னோடு கதைக்கமாட்டார்கள். கையில் கரியைப் பூசிக்கொண்டு தாளுக்கு முன்னால் குந்தியிருந்தால், அது அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவள். ஐந்து வருடமாகியும் அந்த வீட்டுக்காரி விட்டபாடில்லை. வாப்பா அதற்கு முன்பே பொத்துவில் பக்கம் வேறு கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார். அவரைப் பற்றி அவ்வளவு போதும். என்னை வளர்த்தது உம்மாவின் தங்கை, என் சாச்சி. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான். இருந்த ஒரு வீடு மூத்தவளான உம்மாவுக்குப் போய்விட்டது. சாச்சிக்குச் சொந்தமாக இருந்தது ஒரு தையல் மிசின் மட்டும்தான்.

உம்மாவின் குரல் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு கோல் எடுப்பாள். முகம்தான் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுனாமியில் கடல் வந்தபோது அல்பங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது உம்மாவின் பாஸ்போட்டைப் போட்டோக் கொப்பி அடித்த ஒரு தாள். அதில் மூக்கும் கன்னமும் ஒரே கறுப்பு. ஒருநாள் அதை வைத்துக்கொண்டு நான் அழுதேன். சாச்சி என்னை இழுத்துக்கொண்டுபோய் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"உம்மாவ உரிச்சு வெச்ச மாதிரித்தானே நீ இரிக்காய். பாக்கணும் போல இரிந்தா இதுக்குள்ள பாரு" என்றாள்.

நான் நம்பினேன். சாச்சி சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

மழைக்காலம் தொடங்கிய ஒரு புதன்கிழமை, டீச்சர் ஒரு வாளி நிறையக் களிமண்ணோடு வகுப்புக்கு வந்தார். இருவர் இருவராகச் சேர வேண்டும். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு மற்றவளின் முகத்தைத் தடவி, தடவியதைக் களிமண்ணில் செய்ய வேண்டும். வகுப்பில் இருபத்தேழு பேர். மிஞ்சப்போவது யார் என்று டீச்சரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நான் கண்ணைக் கட்டுகிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையோ தேடுவதுபோல வகுப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வெட்கமாக இருந்தது. டீச்சர் கடைசியில் கண்டுகொண்டு, "நீ உன்ட முகத்தையே தொட்டுச் செய்யன்" என்றார்.

கண்ணைக் கட்டிக்கொண்டேன். நெற்றியில் விரலை வைத்ததும்தான் சாச்சி சொன்னது ஞாபகம் வந்தது. என் முகம் உம்மாவின் முகமென்றால், இப்போது என் விரலுக்குக் கீழே இருப்பது உம்மா அல்லவா? அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. மூக்கின் நடுவில் எலும்பு கொஞ்சம் துருத்தியிருந்தது, அதைச் செய்தேன். நுனி இடப்பக்கம் சரிந்திருந்தது, அதையும் செய்தேன். துணிக்குள்ளே கண்ணீர் வந்தது. ஒருவருக்கும் தெரியாததால் அதுவும் நல்லதாகப் போயிற்று.

முகமுள்ள உருவம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமார் வரமாட்டார்கள் என்பது வேறு மார்க்கத்து டீச்சருக்குத் தெரியாது. அருளைக் கொண்டுவருகிற வானவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று எங்களுக்குக் குர்ஆன் ஓதப் போகிற இடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். தெரிந்துகொண்டுதான் செய்தோம்; களிமண் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. மணி அடிக்க முன்னர் மற்றப் பிள்ளைகள் பயந்துபோய் முகங்களை உருட்டி உருண்டையாக்கி வாளிக்குள் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் என்னுடையதைச் சொப்பின் பேக்கில் வைத்து, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாச்சி பேக்கைத் திறந்ததும், "ஊட்டுக்குள்ள உருவம் கொண்டரப்படா" என்று தொடங்கினாள். வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு இன்னும் ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை. அந்த முகத்தைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கின் எலும்பை ஒரு விரலால் தடவினாள். பிறகு அதே விரலால் தன் மூக்கைச் சொறிந்தாள்.

"இந்த மூக்க எங்க புடிச்சாய் புள்ள" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சிரித்தாள்.

வீசவில்லை. மிசின் மேசையில் சன்னலோரம் வைத்தாள். தொழும் நேரம் மட்டும் வெட்டுத் துணி ஒன்றால் மூடுவாள்; தொழுது முடிந்ததும் எடுத்துவிடுவாள். இரண்டு நாட்கள் எனக்கு ராசாத்தி வாழ்வு. கேட்காமலே முட்டை பொரித்துத் தந்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் பேன் பார்த்தாள். மிசின் ஓடுகிற சத்தத்துக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். சாச்சி பாடி நான் கேட்டது அந்த இரண்டு நாளும்தான்.

வெள்ளிக்கிழமை உம்மா கோல் எடுத்தாள். சாச்சி போனை எடுத்து, வழமையான சுகம் விசாரிப்பெல்லாம் முடிய, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "கேட்டியா ராத்தா, உன்ட மகள் என்ட முகத்தச் செஞ்சி கொண்டந்து வெச்சிரிக்காள்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த உம்மாவை, உம்மாவிடமே வேறு ஆளாகச் சொல்லலாமா? போனைப் பறித்தேன்.

"இல்ல உம்மா, அது சாச்சி இல்ல. அது நீங்க. உங்கட முகம் மறந்து போகாம இரிக்கத்தான் செஞ்சன்."

குவைத்தில் உம்மா அழுதாள். நானும் அழுதேன். கோல் முடிந்து திரும்பினால் சாச்சி மிசினில் இருந்தாள். ஊசியில் நூல் இல்லை. துணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் அசர் தொழுத பிறகு சாச்சி முகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"உருவம் வெச்சிரிக்கப்படா புள்ள. மலக்குமார் வரமாட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அப்ப இந்த ரெண்டு நாளும் வரல்லியா?" என்று கேட்டேன்.

சாச்சி முகத்தை வாளித் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினாள்.

"வந்தாங்க எண்டுதான் நினைச்சன்" என்றாள்.

முதலில் மூக்குத்தான் கரைந்தது. நான் ஒரு கிழமை சாச்சியோடு கதைக்கவில்லை. பாவத்துக்குப் பயந்து என் உம்மாவைக் கரைத்துவிட்டாள் என்பதுதான் என் வழக்கு. அந்தப் பாவம் புதன்கிழமை எங்கே போயிருந்தது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தியில்லை.

அடுத்த வருடம் உம்மா வந்தாள். வேன் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். வருகிற சனத்துக்குள் நான் அந்த மூக்கைத் தேடிக்கொண்டு நின்றேன். கன்னத்தில் குழி விழுந்த ஒரு வட்ட முகம், சப்பை மூக்கு, அழுதுகொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தது. குரலைக் கேட்ட பிறகுதான் உம்மா என்று தெரிந்தது. அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, பெட்டி வண்டிலைப் பிடித்தபடி சாச்சி நின்றாள். நடுவில் எலும்பு துருத்திய, நுனி இடப்பக்கம் சரிந்த மூக்கு. என் விரல் களிமண்ணில் செய்த அதே மூக்கு. கண்ணாடியில் நான் உம்மாவென்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் சாச்சியைத்தான்.

உம்மா வந்து மூன்றாம் நாள், சாச்சி கல்முனையில் இருந்த மாமா வீட்டுக்குப் போனாள். ராத்தா வந்துவிட்டாள், இனி அது ராத்தாவின் வீடு, ராத்தாவின் பிள்ளை. மிசினை ஓட்டோவில் ஏற்றினார்கள். சாச்சி என் தலைத் துணியைச் சரிசெய்துவிட்டு, "உம்மாட சொல்லுக் கேட்டு நட" என்றாள்.

சாச்சியிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது. அந்த மூக்கு யாருடையது என்று நான் கண்டுபிடித்திருந்தேன். அது ஒரு வேடிக்கை என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டு, உம்மா கொண்டுவந்த சொக்லட் பெட்டியை உடைக்க உள்ளே ஓடினேன்.