சாகத் தெரியாத சிப்பாய்கள்

“ஏலே, நேரா நில்லுல. கூனாத.”

ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஐயாதுரை அதட்டுவது கட்டைவிரலின் முதல் கணு உயரமே உள்ள ஒரு பிளாஸ்டிக் ஈட்டிக்காரனை. அவன் நிமிரவில்லை. கொதிக்கிற வெந்நீர்த் தம்ளரில் அவனைக் காலோடு முக்கி எடுத்து, இடுப்பைப் பிடித்து லேசாகத் திருகி, பச்சைத்தண்ணீரில் போட்டதும் நிமிர்ந்துவிட்டான். “வெந்நி ஊத்துனா மனுசனே நிமிருவான், நீ என்ன” என்று சொல்லி, அவனைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துகிறார். வரிசையில் ஏற்கெனவே இருபத்தேழு பேர். எவன் தோளாவது பக்கத்தில் இருப்பவனைவிட இம்மி தாழ்ந்திருந்தால் அவனுக்கும் வெந்நீர்தான்.

இராஜபாளையத்தில் தென்காசி சாலையை விட்டு உள்ளே பிரியும் ஒரு தெருவில், கார் நிறுத்துவதற்கென்று அவர் போட்ட தகரக் கொட்டகைதான் பட்டறை. கார் வரவில்லை, படை வந்துவிட்டது. ஐயாதுரைக்கு ஐம்பத்து நான்கு வயது. நூற்பாலைகளுக்கு பிளாஸ்டிக் பாபின் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் டை என்கிற அச்சு வெட்டினார். கம்பெனி புது மெஷின் வாங்கியபோது, பழைய கை மோல்டிங் மெஷினை இரும்பு விலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் வாயில் பிளாஸ்டிக் குருணையைப் போட்டு, சூடேறியதும் நெம்புகோலை இரண்டு கையாலும் இழுத்தால், டைக்குள் உருகின பிளாஸ்டிக் இறங்கும். டையைப் பிரித்தால் ஒரு காம்பில் நான்கு சிப்பாய்கள், மொச்சைக்காய் கொத்துப்போல. பிறகு பிசிறு சீவுவது, கை ஒட்டுவது, வர்ணம் தீட்டுவது எல்லாம் அவரே. நெம்புகோல் இழுக்கும்போது மட்டும் யாரும் பேசக் கூடாது. பேசினால் சிப்பாய்க்கு ஒரு காது குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

இந்த வேலையில் அவரை இழுத்துவிட்டவன் சேத்தூர் விமல். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தபோது, உடைந்த பொம்மைச் சிப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, இதுமாதிரி வேறு கிடைக்குமா என்று கேட்டான். இப்போது பெங்களூரில் வேலை. அங்கே அவனைப் போலவே இருபது பேர், எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள், மேசை மேல் மலையும் கோட்டையும் வைத்து, பாளையக்காரர் படையையும் கும்பினிப் படையையும் எதிரெதிரே நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, இஞ்சு டேப்பால் அளந்து அளந்து சண்டை போடுகிறார்கள். ஐயாதுரையும் ஒருதரம் போய்ப் பார்த்தார். காலையில் தொடங்கிய போரில் மத்தியானம் வரை ஒரு பயல் நகரவில்லை. “அளக்கதுக்குள்ள அவன் ஓடிப்போயிருவாம்ப்பா” என்று சொல்லிவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு போகவில்லை. ஆனால் ஆர்டருக்கு மேல் ஆர்டராகப் படை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

மலை செய்வதிலும் மனிதருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஊரில் தறிக்குத் தறி பேண்டேஜ் துணி ஓடுவதால் கழிவுத் துணிக்குப் பஞ்சமில்லை. அதைப் பிளாஸ்டர் கரைசலில் நனைத்து, நொறுக்கிய தெர்மாகோல் மேல் போர்த்தினால், காய்ந்ததும் மலை. அதற்கு நிறம் பார்க்க பைக்கை எடுத்துக்கொண்டு பிளவக்கல் வரை போவார். அணைக்கரையில் வர்ண அட்டையைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு மலையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒருதரம் வனத்துறைக்காரர் ஒருவர், என்ன சர்வே என்று விசாரித்தார். “மலைக்கு பெயிண்டு அடிக்கப் போறேன் சார், கலர் பாக்கேன்” என்று இவர் உள்ளதைச் சொல்ல, அரைமணி நேரம் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள்.

மண்ணுக்கு டீத்தூள். குடித்து முடித்த சக்கையைக் காயவைத்துப் பசையில் தூவினால் அசல் கரிசல். முதன்முதலாகச் செய்த கோட்டையை அப்படித்தான் முடித்து மூடி வைத்தார். மறுநாள் திறந்தால், கொத்தளம் முழுக்கச் செவ்வெறும்பு. வீட்டில் சீனியைப் போட்டுக் கொதிக்கவிட்ட டீயின் சக்கை அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் டீயைச் சீனி இல்லாமல்தான் கொதிக்க வைக்க வேண்டும். அவரவர் தம்ளரில் அவரவர் போட்டுக்கொள்ளலாம். அவர் மனைவி முனீஸ்வரி வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். “எங்க வீட்ல சுகர் யாருக்கும் இல்ல. மலைக்குத்தான் ஆகாது.”

இதெல்லாம்கூட யாராவது செய்யக்கூடியதுதான். ஐயாதுரையின் தனித்தன்மை முகத்தில் இருக்கிறது. முதலில் நடுவிரல் நீளத்துக்குப் புட்டிப் பசையைப் பிசைந்து ஒரு பொம்மை பிடிப்பார். அந்தப் பொம்மையின் மேல், டை குடைகிற இன்னொரு மெஷினின் முள்ளை ஓட்டினால், மறுமுனையில் இருக்கும் உளி அலுமினியக் கட்டியில் அதையே மூன்றில் ஒரு பங்காகக் குடையும். அந்தப் புட்டிப் பொம்மைக்கு முகம் வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தெரிந்தவர் முகத்தை வைப்பது. கும்பினி அதிகாரிக்குப் பழைய சூப்பர்வைசரின் தாடை. பீரங்கிக்காரனுக்குப் பால்காரரின் மீசை. எதிர்வீட்டு சின்னக்கருப்பன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, தான் கும்பினிப் படையில் தம்பட்டம் அடிப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நான் என்ன வெள்ளக்காரனுக்குக் கொட்டடிக்கிற ஆளாய்யா?”

“அடிக்கிற கை உங்களுக்கு வாட்டமா அமைஞ்சிருச்சுண்ணே” என்றார் ஐயாதுரை. அடுத்த டையில் அவரைப் பாளையக்காரர் பக்கம் ஈட்டியோடு மாற்றிய பிறகுதான் சின்னக்கருப்பன் தெருவில் முகம் பார்த்துப் பேசினார்.

இப்படி ஊரையே இரண்டு படையாகப் பிரித்து நிறுத்தி, தன் பாட்டுக்கு இருந்தவருக்குச் சென்ற மாதம் ஒரு சோதனை வந்தது. விமல் போன் செய்தான்.

“அண்ணாச்சி, எல்லாம் நல்லாருக்கு. செத்தவங்க ஒரு ஆறு பேரு வேணும். பக்கத்துக்கு மூணு.”

“செத்தா எடுத்துப் பெட்டியில போட்டுற வேண்டியதுதான தம்பி?”

“இல்லண்ணாச்சி, எந்த எடத்துல ஆளு போச்சோ அந்த எடத்துல அடையாளத்துக்கு ஒண்ணு கிடக்கணும். அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் எல்லா ஊர்க்காரங்களும் கூடுறாங்க. நம்ம படையத்தான் மேசையில வைக்கப் போறோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “உங்களுக்குத் தோதுப்படலன்னா சொல்லுங்க, அந்த ஆறு மட்டும் வெளிநாட்டுல வாங்கிக்கிடுதோம்” என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் ஐயாதுரைக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு வருடமாக ஒவ்வொருத்தனாக நிமிர்த்தி நிறுத்திய படை. பாளையக்காரர் பக்கம் விழுந்து கிடப்பவன் மட்டும் எவனோ ஒரு சீமைக்காரனா? வேட்டி கட்டியவன் செத்ததும் கால்சட்டைக்கு மாறிவிடுவானா? “நானே பண்ணுதேன்” என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடி பட்டறைத் தரையில் பாயை விரித்து, செத்தவனாகப் படுத்து, முனீஸ்வரியைப் போனில் படம் எடுக்கச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது. எழுப்ப மனமில்லாமல் அவள் அப்படியே எடுத்து வைத்தாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆறையும் பிடித்தார். தூங்கியது தற்செயல் என்றே இன்றுவரை சாதிக்கிறார்.

அனுப்பிய பொம்மைப் படங்களைப் பார்த்துவிட்டு விமல் கூப்பிட்டான். “அண்ணாச்சி, இவங்க செத்த மாதிரி இல்லையே. மத்தியானச் சோறு தின்னுட்டுப் படுத்த மாதிரில்ல இருக்காங்க. ஒருத்தன் தலைக்குக் கைய வச்சிருக்கான்.”

“சாகிறவன் வசதியா சாகக் கூடாதா?”

இரண்டாவது தரம் இன்னும் மோசம். ஒருவன் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறான். இன்னொருவன் தண்ணீர் கேட்டுக் கையை நீட்டுகிறான். மூன்றாமவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறான். “இவன் பொழச்சுருவான் போலயே அண்ணாச்சி” என்றான் விமல். “பொழச்சா நல்லதுதான?” என்று கேட்டார் ஐயாதுரை. நாளோ பன்னிரண்டுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் பழியைத் தூக்கி மனைவி தலையில் வைத்தார். “உங்க அக்கா ஒத்துக்கிட மாட்டேங்கா தம்பி. பொணத்த வீட்டுக்குள்ள செய்யப்படாதாம். தீட்டாம். தலமுழுகாம அடுப்படிக்குள்ள வரக் கூடாதுங்கா. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்.” போன் ஸ்பீக்கரில் இருந்ததை அவர் மறந்துவிட்டார். டீயோடு வந்த முனீஸ்வரி வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டுவிட்டாள்.

“ஏந்தம்பி, பிளாஸ்டிக்குக்கு என்ன தீட்டு?” என்று போனைப் பார்த்துக் குனிந்து கேட்டாள். “அவிய பேச்ச நம்பாதிய. நான் ஒரு வார்த்த சொல்லல. மகன் பட்டாளத்துக்குப் போன நாள்ல இருந்து அவியளுக்குத்தான் இந்தச் சங்கதியே ஆகாது. டிவில எல்லைன்னு ஒரு வார்த்த வந்தா அமத்திருதாக. பேப்பர்ல அந்தப் பக்கத்த மடிச்சு அவிய பாயிக்கு அடியில வச்சிருதாக, நான் பாத்துரக் கூடாதாம். நான் எடுத்துப் படிச்சுட்டு மறுபடி அங்கயே வச்சிருதேன்.”

மகன் தங்கப்பாண்டி வடக்கே ஏதோ பனிமலையில் இருக்கிறான். இடத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் ஐயாதுரை ‘மேல’ என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவான். விமல் இதையெல்லாம் அறியாதவனில்லை. “அண்ணாச்சி, வேண்டாம், விட்டுருவோம்” என்றான் மெதுவாக. ஐயாதுரை டீயை ஊதினார், சீனி போடாமலே பாதியைக் குடித்தார். பயந்தவன் என்று பெண்டாட்டி முன்னால் வெளிப்பட்டுவிட்ட வெட்கம் அவருக்கு. அவளும் அதே பயத்தைப் பாய்க்கு அடியில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. “ஒரு வாரம் குடு” என்று மட்டும் சொன்னார்.

இனி யார் முகத்தை வைப்பது என்பதுதான் பாக்கி. பால்காரரையும் சின்னக்கருப்பனையும் ஈட்டியோடு நிறுத்தலாம், விழுத்தாட்ட முடியுமா? தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துத் தள்ளிவிட்டு, கடைசியில் சவரக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து மெஷினில் மாட்டினார். மறுபடி பாய். இந்தத் தடவை முனீஸ்வரி உற்சாகமாக வேலை வாங்கினாள். “கண்ண மூடாதிய, மூடுனா தூங்கிருவிய. வாய லேசா தொறங்க. கால அங்கிட்டுப் போடுங்க. அந்தக் கை என்ன, சோறு பிசையுற மாதிரி?” ஐந்து படம் எடுத்தாள். ஆறாவதுக்குப் போனை உயர்த்தியவள் தாழ்த்திக்கொண்டாள்.

“போதும். எந்திரிங்க.”

“இன்னும் ஒண்ணு இருக்குட்டி.”

“எந்திரிங்கன்னா.”

அதனால் ஐந்து சிப்பாய்கள் மல்லாந்தும் ஒருக்களித்தும் கிடக்கிறார்கள், படம் இல்லாத ஆறாமவன் மட்டும் குப்புற. முகம் தெரிகிற ஐந்தும் ஐயாதுரைதான். சிவப்புச் சட்டையிலும் ஐயாதுரை, வேட்டியிலும் ஐயாதுரை. முதல் பூச்சு காய்ந்ததும் முனீஸ்வரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “மூக்கு இம்புட்டுப் பெருசில்ல” என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். போனை மேசையோரம் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று தோள் துண்டை எடுத்துச் செத்த ஆறு பேர் மேலும் போட்டார். “என்னப்பா மூடுறிய?” என்று கேட்டான் அவன். “பெயிண்டு காயுதுல்ல, தூசி விழும்” என்றார். குளிரா என்று கேட்டார். குளிர்தான் என்றான். வெந்நீர் கிடைக்கிறதா என்று கேட்டார். கிடைக்கிறது என்றான். துண்டில் காயாத இரண்டாம் பூச்சு ஒட்டிக்கொண்டதால், அழைப்பு முடிந்ததும் நான்கு பேருக்கு மறுபடி தீட்ட வேண்டியிருந்தது.

சிப்பாய்களைக் கட்டும் வேலையை அவர் யாரிடமும் விடுவதில்லை. ஆளுக்கொரு பேண்டேஜ் துண்டில் சுருட்டி, உயிரோடு இருக்கும் நூற்றுப் பதினான்கு பேரையும் பெட்டிக்குள் அடுக்கடுக்காகப் படுக்க வைத்தார். ஈட்டி ஒடியாமல் இருக்க அதுதான் வழி. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, செத்த ஆறு பேரையும் தனித்தனியாகச் சுற்றி, கால் கீழே தலை மேலே வருமாறு நேராக நிறுத்தி, சாயாமல் இருக்கச் சுற்றிலும் பஞ்சு அடைத்தார். முனீஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போட மார்க்கர் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளூரில் கொடுத்தால் சரக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த்தான் லாரி ஏறும். அங்கேயே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், பெட்டியைத் தூக்கி எறிவதில் ஒரு எறி மிச்சம் என்பது அவர் கணக்கு. பஸ்ஸில் பெட்டியை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனார். பக்கத்து இருக்கைக்காரர் பால்கோவாவா என்று கேட்டார். வாங்கப் போகிற ஊருக்கே எவன் கொண்டுபோவான் என்று தோன்றினாலும், ஆமாம் என்று தலையாட்டி வைத்தார்.

கூரியர் கடையில் ஃபஸீலா எடை பார்த்து, சீட்டை ஒட்டி, பெட்டியைப் பின்னால் கிடந்த பார்சல்களின் மேல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டாள். “ஒடையுற சாமானாண்ணே?”

“ஒடையாதும்மா.”

ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்படி வரை போனவர் திரும்பி வந்தார். மேசைப் பலகையில் வயிறு அழுந்தக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினார்.