சிவப்பு லேயரில் போட்ட முன்னறை

வீடு திருத்தும் படங்களை அனுப்பி மூன்றாம் கிழமை அடேல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்யும் பெண். வேலை உடுப்புக்கூட மாற்றாமல் வந்திருந்தார். அவருடைய தாய் இருக்கும் வீடு மேற்கு ஆபிரிக்காவில், பெனின் நாட்டுக் கரையோர ஊர் ஒன்றில் இருக்கிறது. அங்குள்ள பழைய வீடுகளைத் திருத்துவதற்கு டவுன்டவுனில் உள்ள எங்கள் அலுவலகம் படம் கீறிக்கொடுத்தது. கீறியது நான். இருபத்தாறு வருடமாக இதே வேலை, இதே கழுத்து வலி.

எங்கள் முறை எளிது. கம்ப்யூட்டர் படத்தில் ஒவ்வொரு நிறமும் ஒரு லேயர், அதாவது ஓர் அடுக்கு. ஆதியில் இருந்தது பச்சை லேயர், அது நிற்கும். பிற்காலத்தில் ஒட்டியது சிவப்பு லேயர், அது இடிபடும். அடேலின் வீட்டில் பின்பக்கம் மண்சுவர், நடுவில் முற்றம். முன்னறையில் மட்டும் வளைவு யன்னல்களும் பூவேலைச் சாந்தும். அவை பிரேசில் பாணி.

நான் அதைக் கீறின அன்று, சென்னையிலிருந்து வந்த எங்கள் ஆர்க்கிடெக்ட் கார்த்திக் எட்டிப் பார்த்தான்.

"முன்னாடி இருக்கிறது ஃபாரின் ஸ்டைல்தானே அண்ணா? அப்புறம் ஒட்டினதா இருக்கும். ரெட்ல போட்டுடுங்க. இன்னிக்கே அனுப்பணும்."

"ஓம், போடுறன்."

எனக்கும் களைப்பு. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை வந்து நின்ற அடேல் என் திரையைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டார்: "அம்மா படுக்கிற அறையை ஏன் சிவப்பாக்கினீங்கள்?"

பிறகு அவரே சொன்னார். அவருடைய பூட்டனாரை, அதாவது பாட்டனாரின் தகப்பனை, பிரேசிலுக்கு அடிமையாகக் கொண்டுபோனார்கள். அங்கே மேசன் வேலை பழகி, விடுதலையாகி, ஊர் திரும்பியதும் அவர் முதலில் கட்டியது அந்த முன்னறையைத்தான். மண் அறைகள் எல்லாம் பிள்ளைகள் பெருகப் பெருகச் சேர்த்தவை.

கார்த்திக் உடனே அங்கே வேலை செய்பவர்களுக்குப் போன் எடுத்தான். அறை தப்பியது. ஆனால் வளைவு யன்னல்கள் இரண்டையும் முதல்நாளே உடைத்துவிட்டார்கள்.

"எங்களிலதான் பிழை, மடாம்," என்றேன்.

"ஏன் உடைச்சது எண்டு அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

நான் முன்னறையைப் பச்சை லேயருக்கு மாற்றினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு சுவரைச் சிவப்பில் போடமுன், அதை யார் எப்போது கட்டினார் என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். நான் மொன்றியலுக்கு வந்து முப்பது வருடமாகிறது. இன்றைக்கும் லிஃப்டில் யாராவது "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நான்தான், ஒரு மனிதர் தன் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து கட்டிய முதல் அறையை, ஒரு வார்த்தையும் கேட்காமல், அந்நியம் என்று கீறினேன்.