ஹரிணி தொட்டுக் காட்டிய இடம்

"பெத்தவகிட்டயே பேசாத புள்ள, பொம்மைகிட்ட இன்னாத்த பேசப் போவுது? படிச்சவன்னா எதை வேணா தூக்கினு வந்துடுவியா?"

தாம்பரத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் கொஞ்ச காலத்துக்குக் கொடுத்த சின்ன ரோபோவோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, என் நாத்தனார் செல்வி அண்ணி கேட்டது இது. அனகாபுத்தூரில் மீன் விற்பவர். கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

என் மகள் ஹரிணிக்கு ஐந்து வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வலித்தால் எங்கே என்று காட்டத் தெரியாது என்பதுதான் என்னை உடைத்தது. சுவரில் தலையை முட்டுவாள், கையைக் கடித்துக்கொள்வாள். போன ஆடியில் அவள் பாதத்தில் ஏறிய கண்ணாடித் துண்டை, சீழ் பிடித்த பிறகுதான் பார்த்தோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு அதில் பெருமை உண்டு. அன்று அந்தப் பெருமை எதற்கும் உதவவில்லை.

அன்றிலிருந்து கங்கையம்மனிடம் ஒரே வேண்டுதல். கோயிலில் அடிக்கும் பம்பை மேளச் சத்தம் ஹரிணிக்கு ஆகாது. அதனால் நடை சாத்துவதற்குச் சற்று முன், கூட்டம் கலைந்த பிறகு போவோம். "தாயே, எங்க வலிக்குதுன்னு சொல்ல மட்டுமாவது இவளுக்கு வாய் கொடு."

ரோபோவின் வயிற்றைத் தொட்டால் "வயிறு வலிக்கிறது" என்னும். கால், கை, காது எல்லாவற்றுக்கும் அப்படியே. தடவிக் கொடுத்தால் கண்ணில் பச்சை விளக்கு எரியும். ஆங்கிலத்தில் இருந்த குறிப்புகளை நானே படித்து, தினமும் அவளோடு விளையாடினேன். என் முகத்தைப் பார்க்காதவள் அதன் முகத்தைப் பார்த்தாள். அது சலித்துக்கொள்ளாது, அவசரப்படுத்தாது. ஆனாலும் மாதங்கள் ஓடின. தனக்கு வலிப்பதை மட்டும் அவள் காட்டவே இல்லை. திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கியது.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து அலறல். திருமுடிவாக்கம் பட்டறைக்குக் கிளம்பிய என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "வயிறாத்தான் இருக்கும், ஓம வாட்டர் குடு" என்றார் அண்ணி. நான் அம்மன் படத்தின் முன் உட்கார்ந்தேன். "என்னால முடியலம்மா. நீயே காட்டு."

ஹரிணி ரோபோவை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என் விரலைப் பிடித்து அதன் காதில் அழுத்தினாள்.

"காது வலிக்கிறது" என்றது ரோபோ.

மறுபடியும் அழுத்தினாள். பிறகு அதே விரலைத் தன் காதில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்கம்மா" என்றார் டாக்டர். மருந்து விட்ட பிறகு ஹரிணி என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

மாலையில் அண்ணி ரோபோவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஏ பொம்மை, ஒனக்கு நாளைக்கு வஞ்சிரம் எடுத்தாறேன்."

"அது சாப்பிடாது அண்ணி."

"அப்ப நீ துன்னு. எளச்சிப் போய் கீற."

நான் வாய் கேட்டேன். அம்மன் என் விரலையே அவளுக்குப் பேச்சாகக் கொடுத்தாள். இப்போது ரோபோ இல்லாமலே, வலித்தால் என் கையைத் தேடி வருகிறாள். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் சொல்லத் தெரியாத பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் போங்கள், பயிற்சிக்குப் போங்கள், தாயிடமும் கேளுங்கள். எந்த வழியாகத் தருவாள் என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.

ரோபோ இப்போது கீழ்க்கட்டளையில் வேறொரு பிள்ளையின் வீட்டில் இருக்கிறது. அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. குறிப்புகளைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, போன சனிக்கிழமை நேரில் போய் விளையாடிக் காட்டினேன். ஹரிணியும் வந்தாள். கிளம்பும்போது அதன் காதை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.